தேடல் எண்ணிக்கை இல்லாத தலைப்புகளை விட்டுவிடலாமா?

கேள்வி: நான் திருச்சிக்கு அருகில் வசிக்கிறேன். மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஓர் இணையதளம் நடத்திவருகிறேன். இதுவரை என் தோட்டத்தில் அந்தந்த வாரம் என்ன நடக்கிறதோ, அதையே எழுதிவந்தேன். அண்மையில் ஒரு நண்பர், கீவேர்டு பிளானரைப் பார்த்துத் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பார்த்தபோது, நான் எழுத நினைத்திருந்த பெரும்பாலான சொற்களுக்கு நேரே எண்ணிக்கையே இல்லை. இருக்கும் சிலவற்றுக்கும் ‘போட்டி அதிகம்’ என்று காட்டுகிறது. ‘முடி வளர’, ‘உடல் எடை குறைய’ போன்றவற்றுக்கோ பெரிய எண்கள் வருகின்றன. அவற்றுக்கு மாறிவிடுமாறு நண்பர் சொல்கிறார். தேடல் எண்ணிக்கை உண்மையிலேயே வாசகரின் தேவையைக் காட்டுகிறதா? எண்ணிக்கை இல்லாத தலைப்புகளை விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் முதலிலேயே நேராக விடை சொல்லிவிடுகிறேன். தேடுசொற்கள் வாசகரின் தேவையைக் காட்டுகின்றன என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்தத் தேவை எத்தகையது என்பதை அறிய, சொல்லுக்கு நேரே உள்ள எண்ணைவிடச் சொல்லையே கூர்ந்து படிக்க வேண்டும். ஆகவே, எண்ணிக்கை காட்டாத தலைப்புகளை விட்டுவிட வேண்டாம். முடி வளர்ப்புக்கும் மாற வேண்டாம். இதற்கான காரணங்களைச் சொல்வதற்கு முன், நீங்கள் பார்த்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கிவிடுகிறேன். உங்கள் கலக்கத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

கீவேர்டு பிளானர், கூகுளில் விளம்பரம் கொடுப்பவர்களுக்காக உருவாக்கப்பட்டது. எந்தச் சொல்லுக்கு விளம்பரம் கொடுத்தால் எத்தனை பேர் பார்க்கக்கூடும், அதற்கு எவ்வளவு செலவாகும் என்று வணிகர்கள் கணக்கிட்டுப் பார்ப்பதற்கான கருவி அது. 2016 முதல், விளம்பரத்துக்குப் பணம் செலவிடாத கணக்குகளுக்கு அது குறிப்பான எண்ணைத் தருவதில்லை; 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று அகலமான வரம்புகளையே தருகிறது. ஒரே வரம்புக்குள் இருக்கும் இரண்டு தலைப்புகளில் ஒன்றை மற்றதைவிடப் பல மடங்கு அதிகம் பேர் தேடியிருக்கலாம். உங்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நீங்கள் கண்டு தயங்கிய ‘போட்டி’ என்பதும் விளம்பரதாரர்களுக்கு இடையிலான போட்டியே. அந்தப் பொருளில் எத்தனை நல்ல கட்டுரைகள் ஏற்கெனவே இருக்கின்றன என்பதை அது சொல்வதில்லை. வளர்ப்புப் பைகளும் விதைகளும் விற்கும் நிறுவனங்கள் ஒரு சொல்லுக்கு முட்டிமோதிக்கொண்டிருக்கலாம். அதே சொல்லில் தெளிவான தமிழ்க் கட்டுரை ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம்.

அங்கே காட்டப்படும் எண் 12 மாதங்களின் சராசரி என்பதையும் நினைவில் வையுங்கள். தோட்டக்கலை பருவத்தைச் சார்ந்தது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று வளர்ந்த மக்கள், ஆடி பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் எந்தக் காய்க்கு எந்த விதை என்று தேடத் தொடங்குவார்கள். ஒரு கேள்வியை ஜூலை மாதத்தில் மட்டும் 600 பேர் கேட்டு, மற்ற மாதங்களில் எவருமே கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளானரின் கணக்கில் அது மாதம் 50 என்று சுருங்கிவிடும். அந்த 600 பேரும் கையில் விதையோடு காத்திருக்கும் நாளில் உங்கள் கட்டுரை இருந்தாக வேண்டும் என்பதை அந்த 50 உங்களுக்குச் சொல்லாது.

இதற்குக் கூகுள் டிரெண்ட்ஸ் என்ற கருவி உதவும். 2004 முதலான போக்கை அதில் பார்க்கலாம். ஆனால் அது எத்தனை பேர் தேடினார்கள் என்பதைச் சொல்வதே இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்திலும் இடத்திலும் அந்தச் சொல்லுக்கான ஆர்வம் எப்போது உச்சத்தில் இருந்ததோ அதை 100 என்று வைத்து, மற்றவற்றை அதற்கு ஒப்பிட்டுக் காட்டும். அதுவும் எல்லாத் தேடல்களையும் எண்ணாமல் ஒரு மாதிரியை மட்டும் எடுத்துக்கொண்டு போடும் கணக்கு; தேடல் மிகக் குறைவாக இருந்தால் பூஜ்ஜியம் என்று காட்டிவிடும். ஆகவே டிரெண்ட்ஸில் பூஜ்ஜியத்தைக் கண்டால், எவரும் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அளக்கும் அளவுக்குத் தேடல் சேரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சொல்லை எந்த மாதத்தில் தேடத் தொடங்குகிறார்கள், எப்போது ஓய்கிறார்கள் என்பதை ஐந்து ஆண்டுக் கோட்டில் பாருங்கள். உங்களுக்கு அந்தக் கருவியால் கிடைக்கும் பெரிய பயன் அதுதான். சொல்லைக் கொடுக்கும்போது மட்டும் கவனமாக இருங்கள். ‘ரோஜா’ என்று கொடுத்தால் பூச்செடியோடு திரைப்படமும் தொலைக்காட்சித் தொடரும் நடிகையும் சேர்ந்து வந்துவிடுவார்கள். ‘ரோஜா செடி’ என்று கொடுத்தால் உங்களுக்கு வேண்டியவர்கள் மட்டும் வருவார்கள்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆங்கிலச் சொற்களை வைத்துப் பழகிய ஆலோசகர்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஒரே காயைத் தேடும் தமிழர்கள் ஒரே சொல்லால் தேடுவதில்லை. உங்கள் பக்கத்தில் கொத்தவரங்காய் என்பதைத் தென்மாவட்டத்தார் சீனியவரைக்காய் என்பார்கள். ஒருவருக்குப் பரங்கிக்காயாக இருப்பது மற்றவருக்கு மஞ்சள் பூசணி. தமிழ்நாட்டில் காராமணி என்றும் தட்டைக்காய் என்றும் வழங்குவதை யாழ்ப்பாணத்தார் பயற்றங்காய் என்பார்கள். நீங்கள் மாடித்தோட்டம் என்று எழுதுவதன் பெரும்பகுதியை இலங்கையில் வீட்டுத்தோட்டம் என்ற பெயரில்தான் தேடுவார்கள். 2022இல் அங்கே பொருளாதார நெருக்கடி முற்றியபோது, அரசு ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்வதற்காக வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது. அந்நாட்களில் வீட்டுத்தோட்டம் என்று தேடிய குடும்பத்துக்கு அடுத்த மாதச் சமையலே அந்தத் தோட்டத்தைப் பொறுத்ததாக இருந்திருக்கும். பிளானரில் இடத்தை இந்தியா என்று மட்டும் வைத்திருந்தால் இவர்களில் ஒருவரும் உங்கள் கணக்கில் வரமாட்டார்கள். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றையும் தனித்தனியே வைத்துப் பாருங்கள்.

பெயர் ஒன்றாகவே இருந்தாலும் எழுத்து ஒன்றாக இருப்பதில்லை. நாம் ‘மாடித்தோட்டம்’ என்று ஒற்று மிகுத்துச் சேர்த்து எழுதுகிறோம். கைப்பேசியில் தட்டச்சு செய்பவர் ‘மாடி தோட்டம்’ என்று ஒற்றில்லாமல் பிரித்து எழுதுகிறார். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் அதற்கும் மேல் பலவிதம். வாழைப்பூவின் ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போடுபவர் ஒருவர், எல் மட்டும் போடுபவர் இன்னொருவர்; தோட்டத்தின் டகரத்துக்கு ஒரு டி போடுபவரும் உண்டு, இரண்டு டி போடுபவரும் உண்டு. இப்படி ஒரே தேவை பத்துப் பன்னிரண்டு வடிவங்களில் சிதறிவிடுகிறது. அவற்றில் சிலவற்றைக் கருவி ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் சேர்க்கும் என்று நம்புவதற்கில்லை. சேராமல் போன ஒவ்வொரு துண்டும் தனியே பார்க்கும்போது எண்ணுவதற்குத் தகாத அளவில் இருப்பதால், மொத்தமும் இல்லாதது போலத் தோற்றம் தருகிறது. நீங்கள் கண்ட வெற்றிடங்களில் ஒரு பகுதிக்கு இதுதான் காரணம்.

குரல் தேடலையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். 2017 ஆகஸ்டில் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கும் வந்தது. அதன் பிறகு தட்டச்சு தெரியாதவர்களும், தெரிந்தும் கையில் மண் ஒட்டியிருப்பவர்களும் பேசியே தேடுகிறார்கள். பேசித் தேடுபவர் இரண்டு சொல்லோடு நிறுத்துவதில்லை. ‘மிளகாச் செடியில இலையெல்லாம் சுருண்டு போகுது, என்ன பண்றது’ என்று முழுதாகவே கேட்டுவிடுகிறார். அதே தேவையுள்ள அடுத்தவர் அதே சொற்களைச் சொல்லப்போவதில்லை. நாள்தோறும் வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு அதற்கு முன் ஒருமுறையும் கேட்கப்படாதவை என்று கூகுளே பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. முன்பு கேட்கப்படாத கேள்விக்கு எந்தக் கருவியிலும் பழைய கணக்கு இருக்க முடியாது.

எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. கூகுள் நிறுவனம் 2008இல் ஃபுளூ டிரெண்ட்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மக்கள் எந்தெந்தச் சொற்களைத் தேடுகிறார்கள் என்பதைக் கொண்டே, அமெரிக்காவில் எங்கெல்லாம் ஃபுளூ காய்ச்சல் பரவுகிறது என்பதை மருத்துவப் புள்ளிவிவரம் வருவதற்கு முன்பே சொல்லிவிடுவது அதன் நோக்கம். சுமார் 5 கோடி தேடுசொற்களை அலசி, காய்ச்சலின் போக்கோடு சேர்ந்து ஏறி இறங்கும் சொற்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி அலசியபோது, பள்ளிக் கூடைப்பந்துப் போட்டி தொடர்பான தேடல்களும் காய்ச்சலோடு ஒத்துப்போயின. இரண்டும் குளிர்காலத்தில் வருபவை என்பதைத் தவிர அவற்றுக்குள் வேறு தொடர்பு கிடையாது. அத்தகையவற்றைக் கையால் களைய வேண்டியிருந்தது. அதன் பிறகும், 2012–13 குளிர்காலத்தில் அந்தத் திட்டம் சொன்ன அளவு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்ட மருத்துவர் சந்திப்புகளின் அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. 2015இல் அதன் மதிப்பீடுகளை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் என்று தேடியவர்களில் பலருக்குக் காய்ச்சல் இல்லை. செய்திகளைப் பார்த்துப் பயந்தவர்களும் தேடினார்கள், தேடுபொறியே எடுத்துக்கொடுத்த சொல்லைத் தொட்டவர்களும் இருந்தார்கள். தேடல் பெருகியதற்கான காரணம் எண்ணுக்குள் இல்லை என்பதே நமக்கு இதில் வேண்டிய செய்தி. உங்கள் துறையிலும் இது நடக்கும். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஏதோ ஒரு கரைசலைப் பற்றிப் பேசினால் அந்த வாரம் அந்தச் சொல் விண்ணுக்கு ஏறும். அடுத்த மாதம் அதைக் கேட்க ஆள் இருக்காது. அந்த ஏற்றத்தைப் பார்த்து ஓடிப்போய் எழுதாதீர்கள்.

இனிச் சொல்லை எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். தேடல் ஆய்வாளரான ஆண்ட்ரே பிரோடர் 2002இல் தேடல்களை மூன்றாகப் பகுத்தார்: ஒன்றைப் பற்றி அறிந்துகொள்ளத் தேடுவது, குறிப்பிட்ட ஓர் இடத்துக்குப் போய்ச் சேரத் தேடுவது, வாங்குவது போன்ற ஒரு செயலைச் செய்து முடிக்கத் தேடுவது. ‘வேப்ப எண்ணெய்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘வேப்ப எண்ணெய் விலை’ என்பவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். ‘வேப்ப எண்ணெய் தலைக்கு’ என்பவர் உங்கள் வாசகரே அல்லர். ‘வேப்ப எண்ணெய் செடிக்கு எப்படித் தெளிப்பது’ என்பவர்தான் உங்களைத் தேடி வருபவர். அவர் ஏற்கெனவே எண்ணெயை வாங்கிவிட்டார், தண்ணீரில் ஊற்றினார், அது கலக்காமல் மேலே மிதந்தது, அதன் பிறகுதான் கைப்பேசியை எடுத்தார். வேப்ப மரத்தின் பெருமையைப் பற்றிய நான்கு பத்தி முன்னுரை அவருக்கு எந்த உதவியும் செய்யாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், அது கரைவதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசல், வெயில் தணிந்த மாலையில் இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளிக்க வேண்டும் என்பது முதல் மூன்று வரிகளுக்குள் வந்துவிட வேண்டும். ‘வேப்ப எண்ணெய்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கருவி காட்டும் பெரிய எண், இந்த மூவரையும் ஒன்றாக்கிக் காட்டும் எண்.

மிளகாய் இலைச் சுருட்டு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. வேளாண் துறை வெளியீடுகள் பெரும்பாலும் காரணத்தின் பெயரில்தான் எழுதப்படுகின்றன. இலைப்பேன் கட்டுப்பாடு, மஞ்சள் முரணைச் சிலந்தி மேலாண்மை என்றுதான் தலைப்பு இருக்கும். முரணைச் சிலந்தி என்ற பெயரை அறிந்தவருக்கு அந்த வெளியீடு பயன்படும். மாடியில் நான்கு பைகளில் மிளகாய் வைத்திருப்பவர் தன் கண்ணுக்குத் தெரிவதைத்தான் தட்டச்சு செய்வார்: இலை சுருங்குகிறது, சுருள்கிறது, மடிகிறது. அவர் கேட்பது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் விடை மூன்று. இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனைச் சந்தேகிக்க வேண்டும். கீழ்நோக்கிச் சுருண்டு, இலைக்காம்பு நீண்டிருந்தால் முரணைச் சிலந்தி. இலைகள் சிறுத்து, கணுக்கள் நெருங்கி, செடியே குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோயாக இருக்கக்கூடும், அதற்கு மருந்து கிடையாது என்பதால் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்றச் செடிகளுக்குப் பாதுகாப்பு. இந்த மூன்றையும் அருகருகே படத்தோடு காட்டி, ‘உங்கள் செடியின் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று முதலில் பாருங்கள்’ என்று தொடங்கும் ஒரு தமிழ்ப் பக்கம், தேடியவரின் அடுத்த பத்து நிமிடத்தை மாற்றிவிடும். ‘முரணைச் சிலந்தி’ என்று பிளானரில் தேடினால் உங்களுக்குப் பூஜ்ஜியம்தான் கிடைத்திருக்கும். அந்தப் பூஜ்ஜியம் சரியானதுதான். அந்தப் பெயரில் தேடுபவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலந்தியால் செடியை இழப்பவர்களோ நிறையப் பேர். அவர்கள் கேட்கும் சொல்லில் தலைப்பு வைத்து, உள்ளே அதன் சரியான பெயரையும் அறிமுகம் செய்துவையுங்கள்; அந்தப் பெயர் தெரிந்தால் பூச்சிமருந்துக் கடைக்காரர் தவறான மருந்தைக் கொடுக்கும்போது அவர்களால் மறுத்துப் பேச முடியும்.

இதற்கான சொற்களை எங்கிருந்து எடுப்பது என்று கேட்பீர்கள். உங்களிடமே இருக்கிறது. தளம் நடத்துபவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் உங்கள் தளத்தை இணைத்திருக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இன்றே இணைத்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. மக்கள் எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் தேடல் முடிவுகளில் தோன்றியது, எத்தனை பேர் கிளிக் செய்து உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் தோன்றியது என்பதை 16 மாதங்கள் வரை அது காட்டும். பிளானரின் மதிப்பீட்டைவிட இது எனக்கு மிகவும் மேலானது; ஏனெனில் இவை உங்கள் வாசலுக்கே வந்த கேள்விகள். அதிலும் அதிகம் பேருக்குத் தோன்றியும் மிகச் சிலரே உள்ளே வந்த சொற்களைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பக்கத்தைத் திறந்து, அந்தக் கேள்விக்கான விடை அங்கே உண்மையில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பல இடங்களில் இருக்காது. ‘தக்காளி பூ உதிர்வது ஏன்’ என்று கேட்டவருக்கு, தக்காளி வளர்ப்பு பற்றிய உங்கள் பொதுவான கட்டுரை இரண்டாம் பக்கத்தில் தோன்றியிருக்கும். அதில் பூ உதிர்வைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்திருக்கும். கோடை வெயில் கடுமையாகும்போது தக்காளியில் பூ நிற்காது, அது நோயன்று, நிழல்வலை கட்டிப் பார்க்கலாம் என்பதைத் தனிக் கட்டுரையாக எழுத வேண்டும் என்ற குறிப்பு அங்கே கிடைக்கிறது. இப்படி ஒவ்வொரு மாதமும் நான்கைந்து சொற்களைச் சரிசெய்தாலே போதும்.

சர்ச் கன்சோலுக்கும் ஒரு வரம்பு உண்டு. மிகச் சிலரே கேட்ட சொற்களைத் தனியுரிமை கருதி அது மறைத்துவிடும். பட்டியலிலும் ஆயிரம் வரிகள்வரைதான் காட்டும். பட்டியலில் உள்ள கிளிக்குகளைக் கூட்டினால் மேலே காட்டும் மொத்தத்தைவிடக் குறைவாக இருப்பது இதனால்தான். அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால் மகிழ்ச்சியடையுங்கள். ஒவ்வொருவரும் தத்தம் சொற்களில் கேட்ட தனித்தனிக் கேள்விகள் உங்களிடம் வந்து சேர்கின்றன என்பதற்கு அது அடையாளம். யூடியூபிலும் நீங்கள் காணொளி போடுவதாக இருந்தால், எந்தத் தேடலின் வழியாகப் பார்வையாளர்கள் வந்தார்கள் என்பதை யூடியூப் ஸ்டுடியோ காட்டும். செடி வளர்ப்பு போன்ற கைத்தொழிலைத் தமிழர்கள் படிப்பதைவிடப் பார்த்தே கற்க விரும்புகிறார்கள் என்பது என் அனுபவம்; ஆகவே அந்தப் பட்டியலையும் தவறாமல் பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், தேடல் என்பது தேவையின் ஒரு பகுதியைத்தான் காட்டும் என்பதைச் சொல்லாமல் விட்டால் என் விடை குறைப்பட்டதாகிவிடும். தனக்கு ஒன்று தெரியவில்லை என்பதை உணர்ந்தவரால்தான் அதைத் தேட முடியும். அரசின் தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளைகளை, அதாவது பைகள், விதைகள் போன்றவை அடங்கிய தொகுப்புகளை, மானிய விலையில் வழங்கிவந்துள்ளது என்பதையே அறியாதவர் அதை எந்தச் சொல்லால் தேடுவார்? அவர் பக்கத்துக் கடையில் முழு விலை கொடுத்துப் பைகளை வாங்கிவிடுவார். அதுபோலவே, மாடியில் தோட்டம் போட ஆசைப்பட்டும் தொடங்காமல் இருக்கும் குடும்பங்களில் பலரைத் தடுப்பது ‘தளம் ஒழுகுமோ’ என்ற பயம்தான். வீட்டுப் பெரியவர் ஒருவர் அதைச் சொல்வார், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஒருவரும் தேடிப் பார்க்கமாட்டார்கள். இத்தகைய தேவைகள் எந்தக் கருவியிலும் பதிவாவதில்லை. அவற்றை அறிய, நீங்கள் விதை வாங்கும் கடையில் அரைமணி நேரம் நின்று, வருபவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் போடும் முதல் கேள்வியை அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டில் மூன்று முறை வந்த கேள்விக்குக் கருவி பூஜ்ஜியம் காட்டினால் நான் நோட்டைத்தான் நம்புவேன். என்னிடம் ஆலோசனைக்கு வரும் எல்லாத் தளங்களுக்கும் இதையே சொல்கிறேன்.

முடி வளர்ப்புக்கு மாறச் சொன்ன உங்கள் நண்பரின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. அவர் சொல்லும் வழியை மிகப் பெரிய அளவில் நடத்திப் பார்த்த நிறுவனம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் டிமாண்ட் மீடியா, மக்கள் எதைத் தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு விளம்பரதாரர் எவ்வளவு கொடுப்பார் என்பதைக் கணினியால் கணக்கிட்டு, அதில் வரும் தலைப்புகளைக் குறைந்த கூலிக்கு எழுதச் செய்து, ஈஹவ் என்ற தளத்தில் கட்டுரைகளாகக் குவித்தது. 2011 ஜனவரியில் பங்குச் சந்தைக்கும் வந்தது. அடுத்த மாதமே, ஆழமற்ற பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளும் பாண்டா என்ற மாற்றத்தைக் கூகுள் தொடங்கியது. அந்த ஆண்டிலேயே ஈஹவின் தேடல் வருகை அடிவாங்கியது. பொருளை அறியாதவர் எண்ணிக்கைக்காக எழுதியது வாசகருக்கும் பயன்படவில்லை, நிறுவனத்தையும் நீண்ட நாள் காக்கவில்லை. உங்களுக்கோ மிளகாய்ச் செடியின் இலையைப் புரட்டிப் பார்த்துப் பழக்கம் இருக்கிறது. தலைமுடியைப் பற்றி நீங்கள் எழுத நேர்ந்தால், ஏற்கெனவே நூறு இடங்களில் இருப்பதைத்தான் மாற்றி எழுத முடியும். உடல்நலம் தொடர்பானவற்றில் அது வாசகருக்குத் தீங்காகவும் முடியலாம் என்பதால், இதை நான் உறுதியாகவே வேண்டாம் என்கிறேன்.

எழுத்து வடிவம் பற்றி உங்களுக்கு எழக்கூடிய ஐயத்துக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். மக்கள் பிழையாகத் தட்டச்சு செய்கிறார்கள் என்பதற்காக நீங்களும் பிழையாக எழுத வேண்டியதில்லை. ஒற்று விட்டதையும் சொல் பிரிந்ததையும் தேடுபொறி பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். காய்களின் வட்டாரப் பெயர்கள் அப்படியல்ல. கொத்தவரங்காய் பற்றி எழுதும்போது, ‘தென்மாவட்டங்களில் சீனியவரை எனப்படும்’ என்று முதல் பத்தியிலேயே இயல்பாகச் சொல்லிவிடுங்கள். பத்து ஊர்ப் பெயர்களையும் கட்டுரையின் அடியில் கொட்டிவைக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம். படிப்பவருக்கு அது எரிச்சலையே தரும்.

இப்போது மே மாதம் என்பதால், உடனடியாகச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் தளம் சென்ற ஆண்டே சர்ச் கன்சோலில் இணைந்திருந்தால், அதில் அந்த ஆண்டின் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்நாட்களில் உங்கள் தளத்துக்கு வந்த கேள்விகளைப் படியுங்கள். ஆடிப்பட்டத்துக்கு என்ன விதைக்கலாம் என்பதில் தொடங்கி, முளைக்காத விதை, அழுகும் நாற்று, மழையில் கரையும் மண்கலவை என்று அவை வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டே போவதைக் காண்பீர்கள். அந்த வரிசையிலேயே உங்கள் கட்டுரைகளைத் திட்டமிட்டு, ஒவ்வொன்றும் அதற்கான கேள்வி பிறப்பதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே தளத்தில் இருக்கும்படி வெளியிடுங்கள். தேடுபொறி அதைக் கண்டெடுத்து உரிய இடத்தில் வைக்க அந்த அவகாசம் தேவைப்படும். மிளகாய் இலைச் சுருட்டுக் கட்டுரையை மட்டும் ஆடி வரை தள்ளிப்போட வேண்டாம். இலைப்பேன் வெயில் காலத்தில் பெருகுவது. அதைத் தேடுபவர்கள் இந்த வாரமே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.